இரு வாளியும் நான்கு பையும்: பிலடெல்பியாவின் தொண்டர் தீயணைப்புச் சங்கம்

ஊரில் ஒரு வீடு தீப்பற்றி எரிகின்றது. அதை அணைக்க ஓடிவருவது யார் கடமை? இன்று இக்கேள்விக்கு விடை எளிது. தொலைபேசியில் அழைத்தால் அரசாங்கத்தின் தீயணைப்பு வண்டி வரும். 'பொம்பா' என்று மலாய்மொழி வழியாக நம் நாவில் பழகிவிட்ட அச்சொல், நீரிறைக்கும் பொறியைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லினின்று வந்தது. பொறியும் குழாயும் சம்பளம் பெறும் வீரரும் இல்லாத காலத்தில் மக்கள் என்ன செய்தனர்? அதற்கு விடை தரும் நிகழ்ச்சிகளுள் ஒன்று, 1736ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் வட அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடைபெற்றது. அன்று இருபது பேர் ஒரு தாளில் கையொப்பமிட்டனர். அத்தாளின் வரலாறே இக்கட்டுரை.

தீக்கு அஞ்சிய நகரம்

பிலடெல்பியா நகரை 1682இல் நிறுவியவர் வில்லியம் பென் என்னும் ஆங்கிலேயர். 1666இல் இலண்டன் மாநகர் நான்கு நாள் எரிந்து பதின்மூவாயிரத்துக்கும் மிகுதியான வீடுகள் சாம்பலானதை அவர் தலைமுறையினர் மறக்கவில்லை. ஆகவே தம் புதிய நகரில் தெருக்களை அகலமாக வகுத்தார். வீட்டைச் சுற்றித் தோட்டம் இருக்கவேண்டும் என்றார். ஒரு கூரையின் தீ மறு கூரைக்குத் தாவாத ஊராக அஃது அமையவேண்டும் என விழைந்தார்.

திட்டம் நன்று. ஆனால் வாணிகம் பெருகிற்று. டெலவேர் ஆற்றங்கரையோரம் கிடங்குகளும் வீடுகளும் நெருங்கி எழுந்தன. 1730இல் பிஷ்பர்ன் என்பாரின் படகுத்துறையில் எழுந்த தீ, கிடங்குகளையும் அருகிருந்த வீடுகளையும் அழித்தது. அன்று காற்று வலுவாக வீசவில்லை. தக்க பொறிகளும் கருவிகளும் இருந்திருந்தால் தீயை அடக்கியிருக்கலாம் என்னும் கருத்தை உள்ளூர்ச் செய்தித்தாளாகிய பென்சில்வேனியா கெசட் வெளியிட்டது. அத்தாளை அப்போது நடத்திவந்தவர், பாஸ்டனிலிருந்து வந்து குடியேறிய இளம் அச்சகத்தார் பெஞ்சமின் பிராங்க்ளின்.

முதியவர் பெயரில் ஒரு கடிதம்

1735 பிப்ரவரியில் அதே தாளில் ஒரு கடிதம் வெளிவந்தது. வயது முதிர்ந்த குடிமகன் ஒருவர் தம் ஊராருக்கு அறிவுரை கூறுவதுபோல் அஃது அமைந்திருந்தது. எழுதியவரோ இருபத்தொன்பது வயதான பிராங்க்ளினே! இளைஞன் சொன்னால் ஊர் கேளாது என்று கருதினார் போலும்.

நெருப்புத் தணலைத் திறந்த கரண்டியில் ஏந்தி அறைக்கு அறை, மாடிக்கு மாடி கொண்டு செல்லாதீர். மூடியுள்ள கலத்தில் எடுத்துச் செல்லுங்கள். புகைபோக்கியைத் தூய்மையாக வைத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் அக்கடிதம் வற்புறுத்திற்று. ஓர் அவுன்சு தற்காப்பு ஒரு பவுண்டு மருத்துவத்திற்குச் சமம் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் வழங்கும் பொன்மொழி இக்கடிதத்தில்தான் இடம்பெற்றது. இன்று அதனை உடல்நலத்திற்கே பலரும் எடுத்துக்காட்டுகின்றனர். அஃது எழுந்தது தீயைப் பற்றிய பேச்சில் என்பதை ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளலாம். நம் வள்ளுவரும் 'குற்றங்கடிதல்' அதிகாரத்தில், முன்னதாகக் காத்துக்கொள்ளாதவனின் வாழ்வுக்கு உவமையாக எரியின் முன் கிடக்கும் வைக்கோற்குவியலையே காட்டினார். இருவர்க்கும் இடையே கடலும் காலமும் கிடந்தும் உவமை ஒன்றாக இருப்பது எண்ணி மகிழத்தக்கது.

அக்கடிதம் பாஸ்டன் நகரத்தாரின் முறையையும் பாராட்டிற்று. ஆங்கு 1717ஆம் ஆண்டிலேயே, தீ விபத்தில் ஒருவர்க்கொருவர் உதவிக்கொள்ளும் சங்கம் தோன்றியிருந்தது. அப்போது பிராங்க்ளின் அந்நகரில் பதினொரு வயதுச் சிறுவர். ஆகவே தொண்டர் தீயணைப்புச் சங்கத்தை முதன்முதல் கண்டவர் பிராங்க்ளின் என்று சிறுவர் நூல்கள் சில கூறுவது பொருந்தாது. பிறந்த ஊரில் கண்டதை வாழவந்த ஊரில் நட்டு வளர்த்தார் என்பதே உண்மை. அவர் பெருமை அதனால் குறைந்துவிடாது.

ஒப்பந்தத்தின் விதிகள்

இனி அந்தத் தாளுக்கு வருவோம். 'யூனியன் தீயணைப்புச் சங்கம்' என்பது அமைப்பின் பெயர். அதன் விதிகளில் வீரம், தியாகம் முதலிய பெருஞ்சொற்கள் ஆளுமை செய்யவில்லை. இருப்பன வாளியும் பையும் அபராதமுமே.

ஒவ்வோர் உறுப்பினரும் தம் சொந்தச் செலவில் இரண்டு தோல் வாளிகளும், முரட்டு நார்த்துணியால் தைத்த நான்கு பைகளும் வைத்திருக்கவேண்டும். ஒரு பைக்கு நான்கு கெஜத்துக்குக் குறையாத துணி. வாயை இறுக்கிக் கட்ட ஒரு கயிறு. வாளியிலும் பையிலும் உரியவர் பெயரின் முதலெழுத்துகள் பொறிக்கப்படவேண்டும். அவற்றை வேறு எவ்வகை வேலைக்கும் பயன்படுத்தலாகாது. ஒரு வாளியோ பையோ குறைந்தால் ஐந்து ஷில்லிங் அபராதம். தீயணைக்கும்போது தொலைந்தாலோ பழுதுபட்டாலோ சங்கமே ஈடு செய்யும்.

வாளி எதற்கு என்பது விளங்கும். குழாய் நீர் இல்லாத அக்காலத்தில் கிணற்றிலிருந்து தீ எரியும் இடம்வரை மக்கள் வரிசையாய் நின்று வாளியைக் கைமாற்றினர். நீரிறைக்கும் கைப்பொறி இருந்தாலும் அதன் தொட்டியை வாளியால்தான் நிரப்பவேண்டும். பை எதற்கு? எரியும் வீட்டிலுள்ள துணிமணி, பாத்திரம், ஏடு முதலியவற்றை அள்ளிக் கட்டி வெளியேற்றுவதற்கு.

இவ்விடத்தில் ஒரு விதி நம் கருத்தை ஈர்க்கின்றது. தீப்பற்றிய வீட்டின் வாயிலில் உறுப்பினருள் இருவர் இடைவிடாது காவல் நிற்கவேண்டும். ஐயத்துக்குரியோரை உள்ளே விடலாகாது. பொருள்களைப் பையிலிட்டுப் பாதுகாப்பான ஓரிடத்தில் சேர்த்து, உரியவரிடம் ஒப்படைக்கும்வரை ஒருவரேனும் உடனிருக்கவேண்டும்.

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்க்கு இவ்விதியின் அருமையை விளக்க வேண்டுவதில்லை. நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் லயத்தின் கடைசி வீட்டு விறகடுப்பிலிருந்து தீ கிளம்பியது. அண்டை வீட்டார் அனைவரும் ஓடிவந்தனர். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் வாளியோடு வந்தவர் ஒருவர்மேல் ஒருவர் மோதினர். குழாயடிக்கும் வீட்டுக்கும் இடையே வரிசை அமையவில்லை. தட்டுமுட்டுச் சாமான்களை முற்றத்தில் எறிந்தனர். மூன்று வீடுகள் போயின. விடிந்து பார்த்தபோது முற்றத்தில் கிடந்த தகரப் பெட்டியையும் காணோம். அதனுள்தான் அவ்வீட்டாரின் பிறப்புப் பத்திரங்கள் இருந்தன. அவற்றை மீண்டும் பெற அக்குடும்பம் எத்தனை படி ஏறி இறங்கியது என்பதை என் தாயார் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார். வாயிலில் இருவர் நின்றிருந்தால் போதுமே என்று, இவ்விதியைப் படிக்கும்போதெல்லாம் எண்ணுகிறேன்.

மேலும் சில விதிகள் உள. இரவில் தீ என்னும் கூக்குரல் கேட்டவுடன் ஒவ்வொருவரும் சன்னலில் இரண்டு விளக்கேனும் ஏற்றிவைக்கவேண்டும். உதவிக்கு ஓடுவோர்க்கு வழி தெரியவேண்டுமன்றோ? உறுப்பினர் ஒவ்வொருவரும் முறைவைத்து ஒரு மாதம் எழுத்தராயிருந்து, மற்றவர் வீட்டு வாளியும் பையும் செம்மையாக உள்ளனவா எனப் பார்த்துவந்து கூட்டத்தில் அறிவிக்கவேண்டும். உறுப்பினர் ஒருவர் இறந்துபட்டால், அவருடைய கைம்பெண்ணுக்கு, கணவர் உயிரோடிருந்தால் எவ்வாறு உதவுவார்களோ அவ்வாறே ஆபத்தில் உதவவேண்டும். அவர் அந்த வாளியையும் பையையும் வைத்துக்கொண்டிருந்தால் போதும்.

தன்னலமா, பொதுநலமா?

கூர்ந்து நோக்கின் ஒரு செய்தி புலப்படும். முதலில் எழுதிய இவ்விதிகளின் நோக்கம் கையொப்பமிட்டோரின் வீட்டையும் பொருளையும் காப்பதே. ஊர் முழுவதையும் காப்போம் என்று அவர்கள் தொடங்கவில்லை. இதைப் படிக்கும் ஆசிரியர் சிலர், இதுதானா தொண்டு என்று கேட்கக்கூடும். நானும் அவ்வாறே கேட்டேன்.

ஆனால் வரலாறு ஆங்கு நின்றுவிடவில்லை. சில ஆண்டுகள் சென்றபின் திருத்தி எழுதிய விதிகளில் ஒரு புதிய உறுதி சேர்ந்தது. நகரின் எப்பகுதியில் தீ எழுந்தாலும், தங்கள் வீட்டுக்கு யாதொரு தீங்கும் இல்லையாயினும், வாளியும் பையும் கொக்கியும் எடுத்துக்கொண்டு சென்று, உறுப்பினர்க்கு உதவுவதுபோலவே பிறர்க்கும் உதவுவோம் என்பது அவ்வுறுதி. அடுத்த வீட்டான் எரிந்தால் நானும் எரிவேன் என்னும் அச்சத்தில் பிறந்த சங்கம், எவன் வீடு எரிந்தாலும் என் வீடே என்னும் நிலைக்கு உயர்ந்தது. பயிற்சி முதலில் வந்தது. பண்பு பின்னர் வந்தது. சிறுவர்க்கு ஒழுக்கம் கற்பிக்கும் நமக்கு இந்த வரிசை புதியதன்று.

ஒன்று பலவாதல்

சங்கத்தின் புகழ் பரவவே, சேர விரும்புவோர் பலராயினர். ஆனால் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு இருந்தது. வந்தவர்களை, நீங்களே வேறொரு சங்கம் அமையுங்கள் என்று ஊக்கினர். 1738இல் பெல்லோஷிப், 1742இல் ஹேண்ட்-இன்-ஹேண்ட், 1743இல் ஹார்ட்-இன்-ஹேண்ட், 1747இல் பிரண்ட்ஷிப் என அடுத்தடுத்துச் சங்கங்கள் தோன்றின. சங்கம் சிறிதாயிருந்தால்தான் ஒருவர் வாளியை மற்றவர் பார்க்க முடியும். வராதவர் யார் எனத் தெரியும். மாதக் கூட்டத்துக்கு வராதோர் செலுத்திய அபராதத்தைக் கொண்டே பொறிகளும் ஏணிகளும் கொக்கிகளும் வாங்கினர். சோம்பலையும் ஊருக்குப் பயன்படுத்திய திறமை இது!

1752இல் பிராங்க்ளினும் பிற சங்கத்தாரும் கூடி, தீ விபத்துக்கு ஈடு தரும் காப்பீட்டு நிறுவனம் ஒன்றையும் நிறுவினர். முதுமையில் தம் வரலாற்றை எழுதும்போது, சங்கங்கள் தோன்றிய பின்னர் ஒரே தீயில் ஓரிரு வீடுகளுக்குமேல் நகரம் இழந்ததில்லை என்று அவர் பெருமிதத்தோடு குறித்தார்.

சரிவும் பாடமும்

நன்மையை மட்டும் சொல்லி முடிப்பது வரலாறாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரம் பெருகியது, நீர்க்குழாய் வந்தது, தொண்டர் சங்கங்கள் பல்கின. அப்போது வாளிக்கு மாறாக வீறாப்பு இடம்பிடித்தது. யார் முதலில் வருவது, யார் நீர்க்குழாயைப் பிடிப்பது என்று சங்கத்துக்குச் சங்கம் தெருவில் அடித்துக்கொண்டன. தீ எரிந்துகொண்டிருக்க, அணைக்க வந்தவர் கைகலந்தனர்.

அதனினும் கொடியது ஒன்றுண்டு. 1818இல் அந்நகரின் கறுப்பின மக்கள் தமக்கென ஆப்பிரிக்கத் தீயணைப்புச் சங்கம் ஒன்றை அமைக்க முயன்றனர். வெள்ளையர் சங்கங்கள் அதனை எதிர்த்தன. பூசலுக்கு அஞ்சி அம்முயற்சி கைவிடப்பட்டது. எவன் வீடு எரிந்தாலும் உதவுவோம் என்று எழுதிய ஊரில், அணைக்க நீளும் கை எந்த நிறம் என்று பார்த்தனர்! தீக்கு நிறமில்லை என்பதை அறிந்தும் இவ்வாறு செய்தனர். இறுதியில் 1871இல் சம்பளம் பெறும் நகரத் தீயணைப்புத் துறை அமைந்தது. பிலடெல்பியாவில் தொண்டர் சங்கங்களின் காலம் முடிவுற்றது. எனினும் அமெரிக்காவின் சிற்றூர்களில் இன்றளவும் தீயணைப்போருள் பெரும்பாலோர் தொண்டரே.

நமக்குரிய செய்தி

தீயின் கொடுமையை நம் நாடும் அறியும். 1881 ஜனவரியில் கோலாலம்பூர் தீக்கு இரையான பின்னரே பலகைக்கும் அத்தாப்புக்கும் மாறாகச் செங்கல்லும் ஓடும் ஆங்கு வற்புறுத்தப்பட்டன. சிங்கப்பூரில் 1961 மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீயில் எழுந்த தீ, ஏறக்குறைய பதினாறாயிரம் பேரை வீடற்றவராக்கிற்று. அரசாங்கத் துறை வலுப்பெற்ற இக்காலத்திலும் மலேசியாவில் தொண்டர் தீயணைப்புப் படைகள் இயங்குகின்றன. பட்டணத்திலிருந்து வண்டி வந்து சேருமுன் கழியும் அந்தச் சில நிமிடங்களே தோட்டத்திலும் கம்பத்திலும் வீட்டைக் காப்பனவும் இழப்பனவும் ஆகும்.

ஆசிரியப் பெருமக்களே! பிராங்க்ளினை மாணவர்க்குச் சொல்லும்போது அவரைப் பெருந்தலைவராக மட்டும் காட்டவேண்டா. அவரும் தம் முறை வந்தபோது மற்றவர் வீட்டு வாளியைப் பார்க்கக் கடமைப்பட்ட ஓர் உறுப்பினரே. பின்னர், பள்ளியில் தொங்கும் தீயணைப்புக் குடுவையின் காலக்கெடு என்றைக்கு முடிகின்றது என்று பார்த்துவர ஒரு மாணவனை அனுப்புங்கள். அடுத்த மாதம் வேறொருவனை அனுப்புங்கள். 1736இல் இருபது பேர் கற்ற பாடத்தை அவன் அன்றே கற்றுவிடுவான்.