மலைக்குப் போனவள்

பொன்னியின் செல்வனை மூன்றாம் முறை முடித்த கோடையில், இளவரசிகள் போதும் என்று தோன்றிவிட்டது. அடுத்து எதைப் படிப்பது? சங்கரன்கோவிலில், தறிச் சத்தத்துக்கு நடுவே ஆச்சி ஒரே வரியில் முடித்துவிடும் கதை ஒன்று எங்கள் வீட்டில் உண்டு: "எங்க அக்கா மலைக்குப் போனா, வரவேயில்ல." கங்காணி முன்பணம் கொடுத்தான் என்பதற்கு மேல் யாரும் பேசியதில்லை. போட்டோ கிடையாது, கடிதம் கிடையாது. அந்த மலையைத்தான் புத்தகங்களில் தேட ஆரம்பித்தேன்.

முதலில் கிடைத்தது புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. 1935இல் மணிக்கொடியில் வந்தது. அவருக்கு அது நிகழ்காலம், நமக்கு வரலாறு. மருதி நம் திருநெல்வேலிச் சீமைக்காரி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் அவள் உழைப்பு மட்டுமல்ல, உடம்பும் துரைக்குச் சொந்தம்.

பிறகு 'எரியும் பனிக்காடு'. தோட்ட மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969இல் 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் எழுதியது. இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வர 2007 ஆயிற்று. ('பரதேசி' படம் பார்த்தவர்களும் இதைப் படிக்கலாம், படம் வேறு, இது வேறு.) கருப்பனும் வள்ளியும் 1920களில் ஆனைமலைக்குப் போகிறார்கள். என்னைத் தூங்கவிடாதது அடி உதை அல்ல, கணக்கு. வருடக் கடைசியில் முன்பணம் கழித்து, கம்பளிக்கு, அரிசிக்குப் பிடித்தம் போக, கடன்தான் மிஞ்சும். மறுவருடமும் கொழுந்து பறிக்க வேண்டும். தப்பி ஓடினால் சிறை. 1903ஆம் ஆண்டுச் சென்னை மாகாணத் தோட்டச் சட்டம் அதற்கு இடம் கொடுத்திருந்தது.

இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' பற்றிக் கேட்பீர்கள். சாகித்திய அகாதமி பெற்ற நாவல். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நாவலோ பண்ணையாரின் ஆண்மைக் குறையைக் குடைந்துகொண்டிருக்கிறது. கூலி நெல் கேட்ட பெண்கள் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் கோபம்தான். படிக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கூடவே மைதிலி சிவராமன் கீழ்வெண்மணி பற்றி எழுதியதையும் படியுங்கள்.

பனிக்காட்டை ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். துரை வந்த இடங்களில் அவள் பேசவேயில்லை. கணக்குத் தீர்க்கும் பக்கத்தில் மட்டும், "கம்பளிக்குமா பிடிச்சான்?" என்று கேட்டாள். சற்று நேரம் கழித்து, அத்தனை வருடத்தில் முதல்முறையாக, அக்காவின் பெயரைச் சொன்னாள்.