கோடு கிழித்த கை

1962ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள். அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலே, மிசிசிப்பிப் பல்கலைக் கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பு இளைஞர் மாணவராகச் சேர்ந்தார். ஒரு மாணவன் வகுப்பறைக்குச் செல்ல, வல்லரசு தன் படையை அனுப்ப வேண்டியிருந்தது! முன்னாள் இரவு மூண்ட கலவரத்தில் இரண்டு உயிர்கள் மாய்ந்தன. கல்லும் துப்பாக்கியும் காக்க முடியாத கதவை வேறு எதைக் கொண்டு காப்பது? மறு ஆண்டே விடை வந்தது. 15!

ஆம், வெறும் ஓர் எண். ஏ.சி.டி. என்னும் தேர்வில் 15 புள்ளி பெற்றவருக்குத்தான் இடம் என்று மிசிசிப்பியின் மூன்று வெள்ளையர் பல்கலைக் கழகங்கள் 1963இல் விதி வகுத்தன. அந்தத் தேர்வின் உச்ச எண் 36. அதில் 15 என்பது எட்டாக் கனியா என்று கேட்கத் தோன்றும். கறுப்பருக்கு இடமில்லை என்று அவ்விதியில் ஓர் எழுத்தும் இல்லை. நிறத்தைப் பற்றியே பேச்சில்லை. எண் மட்டுமே பேசிற்று. அன்று வெள்ளை மாணவரின் சராசரிப் புள்ளி 18, கறுப்பு மாணவரின் சராசரி 7. பதினெட்டுக்கும் ஏழுக்கும் நடுவே பார்த்துப் பார்த்துக் கிழித்த கோடு அது. ஏன் ஏழு என்று கேட்போர், அந்த மாணவர்கள் படித்த பள்ளிகளைக் காண வேண்டும். தனிப் பள்ளி, குறைந்த பணம், வெள்ளையர் பள்ளிக்கு உள்ளதில் எதுவும் முழுதாகக் கிட்டாத நிலை. ஓடுபவன் காலைக் கட்டியவர்களே ஓட்டப் பந்தயத்தின் எல்லைக் கோட்டையும் வரைந்தனர்.

ஜேக் ஏயர்ஸ் என்ற கறுப்புத் தந்தை 1975இல் வழக்குத் தொடுத்தார். தீர்ப்பைக் காணாமலே மறைந்தார். 1992இல் அமெரிக்க உச்சநீதி மன்றம் அவ்வழக்கில் தீர்ப்பளித்தபோது, அந்தப் பதினைந்தின் பிறப்பையும் எடுத்துக் காட்டிற்று. 1985ஆம் ஆண்டில்கூட, பள்ளி இறுதி வகுப்பு வெள்ளை மாணவரில் 100க்கு 72 பேர் அக்கோட்டைத் தாண்டினர். கறுப்பு மாணவரில் 100க்கு 30 பேர்கூடத் தாண்டவில்லை.

கல்லூரி வாயிலில் கிழித்த கோட்டின் கதை இது. கல்லூரிச் சம்பளத்தை அரசே கட்டுகிறேன் என்று முன்வரும்போது, அங்கும் 'தகுதி' என்றொரு கோடு விழுகிறதே, அதன் கதை என்ன? அதை அறிய மிசிசிப்பியிலிருந்து கிழக்கே, அலபாமாவைக் கடந்து, ஜார்ஜியா மாநிலத்துக்குச் செல்ல வேண்டும்.

ஜார்ஜியாவின் பல்கலைக் கழகக் கதவு 1961இல்தான் கறுப்பருக்குத் திறந்தது. அதுவும் நீதிமன்றம் உடைத்துத் திறந்த கதவு. அன்று நுழைந்த இருவரில் ஒருவர் ஹாமில்டன் ஹோம்ஸ். தம் உயர்நிலைப் பள்ளியிலே முதல் மாணவர்! மற்றவர் சார்லேன் ஹன்டர். அவர் தங்கிய விடுதியின் முன் கும்பல் கூடிக் கல் எறிந்தது. தகுதி, திறமை என்று ஓயாது பேசுவோர், பள்ளியின் முதல் மாணவனையே வாயிலில் நிறுத்திய அந்த ஆண்டை ஒருமுறையேனும் நினைத்துப் பார்க்கட்டும்.

அந்த மாநிலத்திற்கு 1991இல் செல் மில்லர் என்பவர் ஆளுநரானார். மலைநாட்டுச் சிற்றூரிலே பிறந்தவர். குழந்தையாக இருக்கையிலேயே தந்தையை இழந்தவர். வரலாறு கற்பித்த ஆசிரியர். ஏழைப் பிள்ளையின் ஏக்கம் அறிந்தவர் என்றே கொள்வோம். பரிசுச் சீட்டு நடத்தி, அதில் வரும் பணத்தைக் கல்விக்கே செலவிடுவேன் என்றார். 1992 நவம்பரில் மக்கள் வாக்களித்தனர். மிகச் சிறு வேறுபாட்டில் திட்டம் வென்றது. 1993இல் 'ஹோப்' என்ற உதவித் தொகை பிறந்தது. அச்சொல்லுக்கு நம்பிக்கை என்று பொருள். (நம் தமிழகத்திலும் 1968இல் அரசு பரிசுச் சீட்டைத் தொடங்கி 2003இல் நிறுத்தியதை நாம் அறிவோம்.)

ஹோப்பின் விதி எளியது. உயர்நிலைப் பள்ளியில் 'பி' என்னும் தரம், அதாவது நான்குக்கு மூன்று, எடுத்த மாணவனுக்கு மாநிலக் கல்லூரியில் கட்டணம் இல்லை. தொடக்கத்தில் இன்னொரு விதியும் இருந்தது: குடும்பத்தின் ஆண்டு வருமானம் 66,000 டாலருக்கு மேற்படலாகாது. நல்ல விதி! ஆனால் அதற்கு ஆயுள் எவ்வளவு? 1994இல் வரம்பு 1,00,000 டாலராயிற்று. 1995இல் வரம்பே இல்லை என்றாயிற்று. மாளிகையிலிருந்து வருபவனும் மண் குடிசையிலிருந்து வருபவனும் ஒரே வரிசையில் நிற்கலாம். 'பி' இருந்தால் போதும்.

ஒரே வரிசைதானா? வறிய மாணவருக்கு மைய அரசு 'பெல்' என்னும் உதவியை வழங்குகிறது. தொடக்க ஆண்டுகளில், அந்த உதவி எத்தனை டாலரோ அத்தனையும் ஹோப்பில் கழித்துக் கொள்ளப்பட்டது. ஆகவே, பரம ஏழையின் கைக்கு மாநிலம் தந்தது பெரும்பாலும் புத்தகப் பணமே. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கோ முழுக் கட்டணம்! 2000க்குப் பின்னரே இந்தக் கழித்தல் கணக்கு ஒழிந்தது. கணக்கு ஆசிரியர் எவரும் இதைக் கூட்டல் என்று சொல்லிக் கொடுத்ததாக நமக்கு நினைவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது? குலுக்கல் சீட்டிலிருந்து. சீட்டை யார் வாங்குகிறார்கள்? ரூபன்ஸ்டைன், ஸ்காஃபிடி என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல் கணக்கிட்டனர். தம் வருமானத்தில் பெரும் பங்கைச் சீட்டுக்கு இறைப்போர் வறியவரும் வெள்ளையரல்லாதாரும். பயனில் பெரும் பங்கு பெறுவோர் வசதி படைத்த வெள்ளையர். சூசன் டைனார்ஸ்கி என்ற பொருளியல் அறிஞர் 2000இல் எழுதிய ஆய்வும் இதனோடு ஒத்துப் போகிறது: ஹோப்பால் கல்லூரி சேர்வோர் பெருகியது உண்மை, ஆனால் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே, செல்வருக்கும் வறியருக்கும் இடையே கல்லூரி சேர்வதில் இருந்த இடைவெளியும் அதனால் அகன்றது. கார்ன்வெல், மஸ்டர்ட் என்பாரின் 2007ஆம் ஆண்டு ஆய்வோ சிரிக்க வைக்கிறது. சிரித்து முடித்தபின் உறுத்துகிறது. ஹோப் வந்தபின், செல்வம் மிகுந்த வட்டாரங்களில் கார்ப் பதிவு கூடிற்றாம்! மகனின் சம்பளத்தை அரசு கட்டிவிட்டது. மிச்சத்தில் மகனுக்கு ஊர்தி வந்தது.

கோட்டின் வேலை சேர்க்கையோடு முடிவதன்று. கல்லூரியிலும் மூன்று என்ற தரம் குறையலாகாது. குறைந்தால் உதவி போயிற்று. விளைவு? மாணவர்கள் பாடச்சுமையைக் குறைத்தனர். கடினமான பாடத்தில் சேர்ந்து பாதியிலே விலகுவோர் பெருகினர். இதையும் ஜார்ஜியா ஆய்வாளர்களே கண்டனர். தாள் திருத்தும் தொழிலில் இருப்பவர்கள் நாம். ஒரு மதிப்பெண் குறைந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, சிவப்பு மை உலரும்வரை அதையே பார்த்திருந்ததுண்டு. அந்த ஒரு மதிப்பெண்ணில் அடங்கியிருப்பது அறிவா, முதல் நாள் இரவு அவன் வீட்டில் விளக்கு எரிந்ததா இல்லையா என்பதா, நமக்கே தெரிவதில்லை.

2011இல் சீட்டுப் பணம் செலவுக்குப் போதவில்லை. எதைக் குறைக்கலாம் என்று சட்டமன்றம் ஆராய்ந்தது. வருமான வரம்பைத் திரும்பக் கொண்டுவரலாம். அது நடக்கவில்லை. மாறாக, இன்னொரு கோடு மேலே கிழிக்கப்பட்டது. 3.7 தரமும், எஸ்.ஏ.டி. தேர்வில் கணக்கும் படிப்பும் சேர்ந்து 1200 புள்ளியும் பெற்றோருக்கு முழுக் கட்டணம். அதற்குச் செல் மில்லர் பெயர். பழைய மூன்றுக்காரருக்கு வருவாய்க்கேற்பக் குறைந்த தொகை. அதுவரை, பள்ளி ஆசிரியர் தந்த தரமே ஜார்ஜியாவில் அளவுகோல். இப்போது ஒரு நாள் தேர்வும் உடன் நுழைந்தது. ஒவ்வொரு பள்ளியின் முதல் மாணவருக்கும் இரண்டாம் மாணவருக்கும் தேர்வுப் புள்ளி கேட்கப்படவில்லை என்பது ஓர் ஆறுதல்.

அந்த எஸ்.ஏ.டி.யின் குலமுறையையும் கூறிவிடுவோம். அதை உருவாக்கியவர் கார்ல் பிரிகாம். 1923இல் நூல் எழுதி, வட ஐரோப்பிய இனமே அறிவில் உயர்ந்தது, கறுப்பர் தாழ்ந்தோர் என்று 'அளந்து' காட்டியவர். 1926இல் முதல் தேர்வு நடந்தது. 1930இல் அவரே தம் பழைய முடிவு அடிப்படையற்றது என்று எழுதினார். தவறென்று ஒப்புக்கொண்ட நேர்மையைப் பாராட்டுவோம். அவர் தம் முடிவைக் கைவிட்டார். அவர் செய்த அளவுகோல் கைவிடப்படவில்லை. மனு எழுதியவன் இவ்வாறு மறுப்பு எழுதியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

2011ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு வெட்டும் இருந்தது. தொழிற் கல்லூரியில் பற்றவைப்பும் செவிலியமும் பயில்வோருக்கு ஹோப் மானியம் என்றொன்று தனியே உண்டு. அங்குப் பலர் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், பிள்ளை பெற்றவர்கள். அவர்களும் மூன்று தரத்தைக் காக்க வேண்டும் என்றது சட்டம். பல்லாயிரவர் உதவி இழந்தனர். பலர் படிப்பையே விட்டனர். இரண்டே ஆண்டில், 2013இல், கோடு மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கப்பட்டது. இரண்டாண்டுக்கு முன் தகுதியற்றவரெனப்பட்டவர், சட்டத்தின் ஒரு வரி மாறியதும் தகுதி உடையவராயினர். அவர்கள் மாறவில்லை, அதே மனிதர், அதே தொழிற்கூடம்.

2022இல், படிப்பில் 100க்கு 80 பங்கை முடித்துவிட்டுப் பணமின்றித் தவிப்போருக்கு 2,500 டாலர்வரை தரும் சட்டத்தை ஜார்ஜியா இயற்றிற்று. 2023-24 கல்வியாண்டில் மூன்றுக்காரருக்கும் மீண்டும் முழுக் கட்டணம் கிடைத்தது. 1995இல் நீக்கிய வருமான வரம்பு மட்டும் ஹோப்புக்குத் திரும்பவே இல்லை.