மலையகத் தோட்டப்புறமும் வாசிகசாலையும்

இலங்கை மத்திய மலைநாட்டின் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழர், வாசிகசாலையையும் பொது நூலகத்தையும் நாடும் காரணம் தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்துள்ளது. நாட்டு நடப்பைக் கேட்க ஒருகாலத்தில் கூடினார்கள். பின்னர் பரீட்சைக்காகப் போனார்கள். இன்று பலருக்கு வேண்டியிருப்பது அமைதியான ஓர் இருக்கை.

தோட்டத் துரைமாருக்குக் கூடிப்பேச 1876இலேயே நுவரெலியாவில் ஹில் கிளப் அமைந்துவிட்டது. தொழிலாளருக்கோ, வெளியார் அனுமதியின்றிக் கால்வைக்க முடியாத தனியார் நிலமே ஊராக இருந்தது. தொழிலாளரின் நிலையை நேரில் அறியப் பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில்தான் தோட்டங்களுக்குள் போனார். அவருடைய ‘தேசநேசன்’ பத்திரிகை 1921இல் வெளிவரத் தொடங்கியது; ‘வீரகேசரி’ நாளிதழ் 1930இல் வந்தது. எழுத்தறிந்த ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்பார்கள். எழுத்தறியாதவரும் இப்படி வாசகரானார். நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் அரசியலைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடியதும் இதே தேவையை உணர்ந்துதான்.

1948இல் கடலுக்கு அப்பால் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டில் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்கில்லாத மக்களுக்கு நூலகம் கட்டித்தர எந்த உறுப்பினருக்கும் அவசரம் இருக்கவில்லை.

1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியபின், சாதாரண தரம், உயர்தரம் எழுதும் பிள்ளைகள் பெருகினர். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் (வரிசை வீட்டு அறையில்) சமையலும் உறக்கமும் ஒன்றாக நடக்க, இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து படித்தவர்களுக்கு நகரத்து நூலகத்தின் மேசையும் விளக்குமே பெரும் உதவி. கடந்தகால வினாத்தாள், வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வரும் வேலை அறிவித்தல் ஆகியவற்றைத் தேடியும் இளைஞர் போனார்கள். கொழுந்து பறிக்கும் தாய்க்கு அந்த வழி எளிதாகத் திறக்கவில்லை. வேலைநாளில் நகரத்துக்குப் போனால் அன்றைய பேர் (நாட்கூலி) போய்விடும்.

நூலகம் நகரத்தோடு நின்றதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. வரவு செலவில் இடமில்லாத லயத்துக்கு வாசிகசாலை எங்கிருந்து வரும்?

இன்று செய்தியும் வர்த்தமானியும் வினாத்தாளும் கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் மலையக இதழ்களையும் படிக்கலாம். ஆனால் தொலைபேசி காம்பராவை அகலமாக்காது. படிக்கும் பிள்ளைக்கு இன்னமும் தனி மேசை வேண்டும், அணையாத விளக்கு வேண்டும், ஐயம் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய புதிய பிரதேச சபைகளும் அக்காலத்தில் இயங்கத் தொடங்கின. நடந்துபோகும் தூரத்தில் ஒரு வாசிகசாலை என்பதை அச்சபைகள் தம் வரவு செலவுத் திட்டத்தில் எழுத வேண்டும்.