ஆட்சியும் சமய நம்பிக்கையும்: யாழ்ப்பாண வரலாறு தரும் படிப்பினை



சமயத் தீவிரவாதம் என்றதும் ஆயுதமேந்திய குழுக்களே நம் நினைவுக்கு வருகின்றன. அரசே அத்தீவிரத்தைக் கைக்கொண்ட காலத்தையும் யாழ்ப்பாணக் குடாநாடு கண்டிருக்கிறது.

1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். 1621 இல் தளபதி ஒலிவேராவின் கட்டளைப்படி நல்லூர்க் கந்தசுவாமி கோவில் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. 1658 இல் ஒல்லாந்தர் வந்தனர். கொடி மாறியது, கொள்கை மாறவில்லை. நேற்றுவரை அரச மதமாயிருந்த கத்தோலிக்கமே இப்போது தடைசெய்யப்பட்டது. சீர்திருத்தத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றோருக்கே அரச பதவி கிட்டியது. விவாகப் பதிவுக்கும் முதுச உரிமைக்கும் திருச்சபையின் தோம்பில் பெயர் இருத்தல் அவசியமாயிற்று.

விளைவு யாது? தோம்புகளில் பல்லாயிரம் கிறிஸ்தவர்கள். வீடுகளில் பழைய வழிபாடு. 1795 இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் நிர்ப்பந்தம் தளர்ந்தது. அப்பெயர்களுள் மிகப்பல வெறும் பெயர்களே என்பது வெளிப்பட்டது. உள்ளொன்றும் புறமொன்றுமாய் வாழ்வதை நம் மார்க்கம் நிபாக் என்று கண்டிக்கிறது. இங்கோ அந்நோயை விதைத்தது அரசாங்கமே.

இதே நூற்றாண்டில் கண்டி வேறு வழியைக் காட்டிற்று. 1626 இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்பகுதியிலிருந்து விரட்டிய முஸ்லிம்களுக்குப் பௌத்த மன்னன் செனரத் புகலிடம் அளித்தான். பலரைக் கிழக்கிலங்கையிற் குடியேற்றினான். 1687 இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து மறைவாகப் பணியாற்றிய கத்தோலிக்கக் குரு யோசேப் வாஸ் அடிகளார், 1692 இல் கண்டியை அடைந்தார். ஒற்றரென ஐயுற்ற இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறைவைத்தான். ஐயம் நீங்கியதும் போதிக்க இடமளித்தான். குற்றம் உண்டா என்று ஆராய்வது அரசின் வேலை. நம்பிக்கையைத் தண்டிப்பது அதன் வேலையன்று என்பதை அம்மன்னன் உணர்ந்திருந்தான்.

நம் காலத்து அரசு இதனை மறந்தது. 2019 ஏப்ரல் 21 அன்று இஸ்லாத்தின் பெயரைச் சூடிய ஒரு கூட்டம் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250 இற்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன் தலைவனைப்பற்றி 2017 இலேயே காத்தான்குடி முஸ்லிம்கள் முறையிட்டிருந்தும் அரசு உரியவாறு செயற்படவில்லை. தடுக்கவேண்டிய குற்றத்தைத் தடுக்காத அரச இயந்திரம், 2020 இல் கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரித்தது. உலக சுகாதார நிறுவனம் அடக்கத்தை அனுமதித்திருந்தும், 2021 பெப்ரவரியிலேதான் அத்தடை நீங்கியது. 2024 இல் அமைச்சரவை அதற்கு மன்னிப்புக் கோரியது. எரிந்த ஜனாஸாக்களை அம்மன்னிப்பு மீட்டுத்தரவில்லை.

ஆகவே அரசிடம் நாம் வேண்டுவது சலுகையன்று. கொலைக்குத் தூண்டுவோன் எம்மதத்தவனாயினும் சட்டத்தின்முன் நிறுத்தப்படட்டும். தொழுவோன், வணங்குவோன், செபிப்போன் ஆகியோர் அச்சமின்றி வாழட்டும். இந்நீதி நமக்கும் பொருந்தும். கருத்து வேறுபடும் சகோதரனை அடக்க அதிகாரத்தின் கையை நாடுவோமாயின், ஒல்லாந்தரின் தோம்பையே நாமும் விரிப்பவராவோம்.

வல்ல அல்லாஹ் நீதியில் நிலைத்திருக்க நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.