கணினியின் விசிறியும் அதன் வலுவும்: ஒரு வரலாற்று நோக்கு

கணினியின் வரலாற்றை எழுதுவோர் அதன் விரைவையும் நினைவகத்தின் விரிவையும் வியந்து கூறுவர். அதனுள்ளே ஓயாது சுழலும் சிறு விசிறியைப் பற்றிக் கூறுவார் அரியர். ஆயினும், கணினியினுட் புகும் மின்வலு ஏறக்குறைய முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. அவ்வெப்பத்தைப் போக்கும் வழி காணாத பொறி நெடுநாள் நிலைபெறாது. விசிறி வேண்டுமா, வேண்டாவா என்பது முதல் வினா. வேண்டுமெனின் அதனைச் சுழற்றும் வலுவை எங்கிருந்து பெறுவது என்பது இரண்டாம் வினா. முதல் வினாவைப் பலரும் பேசியுள்ளனர். இரண்டாவதற்குக் காலந்தோறும் கூறப்பட்ட விடைகளை நிரல்பட வைத்து நோக்கின் மேசைக்கணினியின் வளர்ச்சியே அவற்றிற் புலப்படும் என்பது எமது கருத்து.

1946இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகிற்கு அறிமுகமான எனியாக் என்னும் பெரும்பொறி ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்டது. ஏறத்தாழ 150 கிலோஉவாற்று வலுவை நுகர்ந்தது. ஓர் அறையையே நிறைத்த அப்பொறிக்குக் காற்றூதிகள் இன்றியமையாதனவாயின. கட்டடத்தின் மின்னிணைப்பே அவற்றுக்கும் வலு வழங்கியமையின் இரண்டாம் வினா அங்கே எழவில்லை. கணினி மேசைமீது ஏறிய பின்னரே அது எழுந்தது.

1977இல் வெளிவந்த அப்பிள் 2 என்னும் கணினியில் விசிறி இல்லை. விசிறியின் ஓசை உள்ளத்தின் அமைதியைக் குலைக்கும் என்பது அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான ஸ்ரீவ் ஜொப்ஸ் கொண்ட கருத்து. அதனை நிறைவேற்றுதற்கு ஏற்ற மின்வழங்கியை றொட் ஹோல்ற் என்பவர் அமைத்துக் கொடுத்தார். பாரமிக்க மின்மாற்றிக்குப் பதிலாக, மின்னோட்டத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து இணைக்கும் ஆளிமுறையை அவர் கையாண்டமையால், மின்வழங்கி இலேசானதாகவும் குறைந்த வெப்பமுடையதாகவும் அமைந்தது. ஆகவே இங்கே விசிறியின்மை வெறும் பிடிவாதமன்று. பொறியியலும் அதற்குத் துணை நின்றது.

1980இல் வந்த அப்பிள் 3 இன் கதை வேறு. அதில் விசிறியும் இல்லை, காற்றுத் துளைகளும் இல்லை. வார்ப்பு அலுமினியத்தாலான உடலே வெப்பம் முழுவதையும் வெளியே கடத்தல் வேண்டும் என எதிர்பார்க்கப்பட்டது. விற்பனைக்கு வந்த பொறிகளிற் பல பழுதுற்றன. சில்லுகள் தம் இருக்கைகளினின்றும் தளர்ந்தன. பொறியைச் சில அங்குலம் உயர்த்தி மேசைமீது விழவிடுமாறு வாங்கியோருக்குச் சொல்லப்பட்டது! முதலில் விற்கப்பட்ட ஏறத்தாழ 14,000 பொறிகள் மாற்றிக் கொடுக்கப்பட்டன. இவ்வீழ்ச்சிக்கு விசிறியின்மையே காரணம் எனக் கூறுதல் வழக்காயிற்று. ஆனால், அதன் உடலை வகுத்த ஜெரி மனொக் இதனை மறுத்தார். உடல் வெப்பத்தைப் போதியவாறு போக்கிற்று என்றும், சுற்றுப்பலகையின் நெருக்கமான அமைப்பிலேயே குற்றம் இருந்தது என்றும் அவர் கூறினார். உடலை வகுத்தவர் உடலுக்காக வாதாடுவது இயல்பே. எனினும், 1981இன் பிற்பகுதியில் பலகை திருத்தப்பட்டு மீண்டும் வந்த பொறியும் விசிறியற்றதே. அது பெரிதும் ஒழுங்காக இயங்கிற்று. எனவே வழக்காய் வழங்கும் கூற்றை அப்படியே ஏற்றல் தகாது. விசிறி இல்லாமை பிழையன்று. பிற குறைகள் நேர்ந்தவிடத்துத் தாங்குதற்கு ஓர் இடைவெளி வைக்காமையே பிழை எனல் பொருந்தும்.

இதற்கிடையில், அப்பிள் 2 ஐ வாங்கியோர் அதிலிருந்த எட்டுப் பொருத்திடங்களையும் அட்டைகளால் நிரப்பத் தொடங்கினர். உள்ளே வெப்பம் மிகுந்தது. கென்சிங்ரன் என்னும் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் ‘சிஸ்ரம் சேவர்’ என்ற கருவியை விற்றது. கணினியின் பக்கத்திற் பொருத்தப்படும் அவ்விசிறி வீட்டு மின்னிணைப்பிலிருந்து நேரே வலுவைப் பெற்றது. கணினியும் திரையும் அதனூடாகவே மின்னைப் பெற்றன. மேலதிக விசிறிக்கு வலு வழங்கும் வினாவுக்கு மேசைக்கணினி உலகிற் கிடைத்த முற்பட்ட விடைகளுள் இது ஒன்று. விசிறி கணினியிடம் கையேந்தவில்லை. கணினியே விசிறியிடம் கையேந்திற்று.

1981 ஓகஸ்டில் ஐ.பி.எம். வெளியிட்ட கணினியோ விசிறியை மின்வழங்கியின் பெட்டிக்குள்ளேயே வைத்தது. அம்மின்வழங்கியின் கொள்ளளவு 63.5 உவாற்று மாத்திரமே. அது சில்லுகளுக்கு 5 உவோற்றையும் வட்டுகளைச் சுழற்றும் மோட்டர்களுக்கு 12 உவோற்றையும் வழங்கிற்று. பிற்காலத்துக் கணினி விசிறிகள் பெரும்பாலும் 12 உவோற்றில் இயங்குவதன் காரணம் ஈண்டே உளது. மோட்டருக்கென இட்ட வழியிலே இன்னொரு மோட்டரும் சேர்ந்துகொண்டது. மேலதிக விசிறியைப் பூட்டியோர் வன்றட்டுக்கெனச் சென்ற நான்கு கம்பி இணைப்பிலிருந்தே வலுவைக் கிளைபிரித்தனர். அதில் மஞ்சட் கம்பி 12 உவோற்று, சிவப்பு 5 உவோற்று, கரியவை இரண்டும் புவி.

1993இல் வந்த முதற் பென்ரியம் ஏறத்தாழ 15 உவாற்று வெப்பத்தை ஒரு சிறு சில்லிலிருந்து வெளியிட்டது. முறைவழியாக்கியின் தலைமேலே தனி விசிறி அமர்வது அதன்பின் வழக்காயிற்று. 1995இல் இன்ரெல் வகுத்த ஏ.ரி.எக்ஸ். அமைப்பு, மின்வழங்கியின் விசிறி ஒன்றே முறைவழியாக்கியையும் குளிர்விக்கும் என நம்பிற்று. நம்பிக்கை பலிக்கவில்லை.

இக்காலத்திலேதான் விசிறி தாய்ப்பலகையில் நேரே பொருந்தத் தொடங்கியது. அவ்விணைப்பின் மூன்றாம் கம்பி வலு கொணர்வதன்று. ஒரு சுற்றுக்கு இரு துடிப்புகளாக விசிறியின் வேகத்தைப் பலகைக்கு அறிவிப்பது. விசிறி நின்றதைப் பொறி தானே அறியும் நிலை அப்போது பிறந்தது. அவ்வறிவு எத்துணை வேண்டியதென்பதை 2001இல் ‘ரொம்ஸ் ஹார்ட்வெயர்’ வெளியிட்ட ஒரு படக்காட்சி காட்டிற்று. இயங்கும் முறைவழியாக்கிகளின் மேலிருந்த வெப்பநீக்கி அகற்றப்பட்டதும், பென்ரியம் 4 தன் விரைவைக் குறைத்துத் தப்பியது. அத்லோன் சில்லுகளோ நொடிப்பொழுதிற் கருகின.

ஓசையை வெறுத்தோர் ஒரு தந்திரம் கண்டனர். விசிறியை மஞ்சட் கம்பிக்கும் சிவப்புக் கம்பிக்கும் இடையே இணைத்தால் அதற்கு 7 உவோற்றே கிடைக்கும். அது மெல்லச் சுழலும். ஆனால், விசிறியின் ஓட்டம் 5 உவோற்று வழியிற் சென்று வடிதலின், அவ்வழியில் வேறு சுமை குறைந்தவிடத்து அதன் அழுத்தம் உயர்ந்து பிறவற்றைக் கெடுத்தல் கூடும். மெல்லச் சுழற்றும் விருப்பத்திற்கு நல்ல நியாயம் உண்டு. வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும். நுகரும் வலுவோ எட்டிலொன்றாகும். எனவே, பாதி வேகத்திற் சுழலும் இரு விசிறிகள் முழு வேகத்திற் சுழலும் ஒன்றளவு காற்றை ஏறத்தாழ நான்கிலொரு பங்கு வலுவுடனும் குறைந்த ஓசையுடனும் தரும். மேலதிக விசிறி ஆடம்பரம் என்போர் இக்கணக்கைச் செய்து பார்த்தாரல்லர்.

2004 அளவில் இன்ரெல் நாலாம் கம்பியைப் பரப்பிற்று. விசிறிக்கு 12 உவோற்று முழுமையாக எப்போதும் கிடைக்கும். எவ்வளவு சுழல்வதென்ற ஏவல் மட்டும், விநாடிக்கு ஏறத்தாழ 25,000 முறை விட்டுவிட்டு வரும் துடிப்புகளாகத் தனிக் கம்பியில் வரும். அவ்வெண் மனிதச் செவி கேட்கும் எல்லைக்கு மேற்பட்டது. அதுவரை அழுத்தத்தைக் குறைத்தே வேகத்தைக் குறைத்தனர். ஒரு எல்லைக்குக் கீழே விசிறி புறப்படவே மறுத்தது. உணவும் ஏவலும் வேறுபிரிந்த பின் அவ்விடர் பெரிதும் நீங்கிற்று.

தம் கணினியின் மூடியைக் கழற்றி மேலும் விசிறி பூட்ட விரும்பும் மாணவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தாய்ப்பலகையின் விசிறி முனை ஒவ்வொன்றும் பெரும்பாலும் 1 அம்பியர், அதாவது 12 உவாற்று மாத்திரமே தாங்கும். 120 மில்லிமீற்றர் விசிறிகள் பல 0.1 முதல் 0.3 அம்பியர் வரை கொள்வன. புறப்படுங்கால் அதனினும் மிகுதியாகக் கொள்வன. விசிறியின் முதுகில் ஒட்டிய சீட்டில் அவ்வளவு எழுதப்பட்டிருக்கும். கூட்டிப் பாராது ஒரே முனையிற் பலவற்றைத் தொடுத்தோர் அம்முனையை எரித்ததுண்டு. விசிறிகள் பலவாயின், மின்வழங்கியின் சாற்றா இணைப்பிலிருந்து வலுவையும் தாய்ப்பலகையிலிருந்து ஏவலை மட்டும் பெறும் பகிர்வுப் பெட்டியே ஏற்றது. ஆனால், அத்தகைய பெட்டிகளிற் பெரும்பாலானவை ஒரு விசிறியின் வேகத்தை மட்டுமே பலகைக்கு அறிவிப்பன. ஏனையவற்றுள் ஒன்று நின்றுபோயினும் பலகை அதனை அறியாது. மூடியைத் திறந்து கண்ணாற் காணல் வேண்டும்.