அமெரிக்கா போகாத பெண்

“அவள் அமெரிக்கா போய்விட்டாள்.”

என் மாமியாரின் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லப்பட்டுவந்த வாக்கியம் இது. மாமியின் தாத்தா 1881இல் நோர்வேயின் குட்பிரான்ஸ்தால் பள்ளத்தாக்கில் பிறந்தவர். அவரை வளர்த்தவர்கள் தாயின் பெற்றோர். தாய் எங்கே என்று கேட்டால் இந்த ஒற்றை வாக்கியம்தான் பதில். கடிதம் வந்ததா, படம் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. நம்பக்கூடிய பதிலாகவும் அது இருந்தது. 1825இல் ஸ்தவாங்கர் துறைமுகத்திலிருந்து ‘ரெஸ்தவ்ராஷூன்’ என்ற சிறு கப்பல் 52 பேரோடு நியூயார்க்குக்குப் புறப்பட்டது. அதற்குப் பின் வந்த நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் நோர்வேயை விட்டு அமெரிக்கா போனார்கள். போனவர்களில் அவளும் ஒருத்தி என்றால் யார் சந்தேகப்படுவார்கள்?

மாமிக்கு 83 வயதானபோது, “நான் சாவதற்குள் அவள் அங்கே என்ன ஆனாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்” என்றார். நோர்வேயில் மாமியாரைப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு நா வரவில்லை. அதனால் அவர் எனக்கு இன்றுவரை மாமிதான். அவருக்குக் கண் மங்கிவிட்டது, எனக்குக் கணினி தெரியும். இப்படித்தான் என் இரத்த உறவில்லாத ஒரு பூட்டியைத் தேடும் வேலை என்னிடம் வந்தது.

நோர்வேயின் தேசிய ஆவணக் காப்பகம் ‘டிஜிட்டல்ஆர்கிவெட்’ என்ற இணையத்தளத்தை 1998இலிருந்து நடத்திவருகிறது. கட்டணம் கிடையாது. தேவாலயப் பதிவேடுகள், குடிசனக் கணக்கெடுப்புகள், சொத்துப் பிரிப்புப் பதிவுகள், புலம்பெயர்ந்தோர் பட்டியல்கள் எல்லாம் மூலப் பக்கங்களின் படங்களாகவே கிடைக்கின்றன. கணக்கெடுப்புகள் 100 ஆண்டு கழிந்ததும் திறக்கப்படும். 1920ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே தேடலாம். ஆனால் தேடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே எனக்கு ஒன்று புரிந்தது. கதவு எல்லோருக்கும் திறந்திருக்கலாம். உள்ளே ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி எழுதிவைக்கப்படவில்லை.

அரசனுக்குத் தேவைப்பட்டவர்கள்

டென்மார்க் அரசனின் ஆட்சியில் நோர்வே இருந்தபோது, 1664 முதல் 1666 வரை ஒரு கணக்கெடுப்பும் 1701இல் இன்னொன்றும் எடுக்கப்பட்டன. இரண்டும் ஆண்களின் கணக்கு. படைக்கு எத்தனை பேர் தேறுவார்கள், வரி எவ்வளவு கிடைக்கும் என்பதே கேள்வி. கைம்பெண்ணாகிப் பண்ணையைத் தானே நடத்தியவள் மட்டும் எப்போதாவது அதில் தலைகாட்டுவாள், அதுவும் அவள் கையில் நிலம் இருந்ததால். பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்து நாடு முழுவதும் பெயர் பெயராக எழுதிய முதல் கணக்கெடுப்பு 1801இல்தான் வந்தது. அதிலும் குடும்பத் தலைவனுக்கு அடுத்த வரியில் அவள் ‘அவனுடைய மனைவி’. தொழில் எழுதும் இடத்தில் பெரும்பாலும் வெற்றிடம். விடியுமுன் எழுந்து மாடு கறந்து, நூல் நூற்று, பியர் காய்ச்சி, பிள்ளை பெற்றவளுக்கு அந்த வெற்றிடம்.

பழைய தேவாலயப் பதிவேடுகளும் அப்படித்தான். 18ஆம் நூற்றாண்டில் பல மதகுருமார் ஞானஸ்நானத்தைப் பதியும்போது குழந்தையின் பெயரையும் தகப்பனின் பெயரையும் மட்டும் எழுதினார்கள். பெற்றவள் பெயர் இல்லை. அடக்கப் பதிவில் ‘ஹான்ஸின் மனைவி’ என்று மட்டும் இருக்கும். 1810களில் கட்டம் போட்ட அச்சுப் படிவங்கள் வந்த பிறகே தாய்க்கென்று ஓர் இடம் உறுதியானது.

பெயர் யாருடையது

எங்கள் பூட்டியைத் தேட மாமி எனக்குக் கொடுத்தது ஒரு முதற்பெயரும் ஒரு குடும்பப் பெயரும். அந்தக் குடும்பப் பெயரைப் போட்டுத் தேடினால் ஒருத்தியும் வரவில்லை. காரணம் எளிது: அவள் வாழ்ந்தபோது அந்தப் பெயர் அவளுக்கு இருக்கவில்லை.

அக்காலக் கிராமப்புற நோர்வேயில் ஹான்ஸின் மகன் ஹான்சென், ஹான்ஸின் மகள் ஹான்ஸ்தத்தர். அதன்பின் வருவது பண்ணையின் பெயர். அது குடும்பப் பெயரல்ல, முகவரி. வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனால் முகவரி மாறும், பதிவேட்டில் பெயரும் மாறும். எங்கள் பூட்டி 1865ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பிறந்த பண்ணையின் பெயரோடும், பிற்பாடு வேலை செய்த பண்ணைகளின் பெயர்களோடும் வருகிறாள். இடையில் மாறாமல் இருப்பது ‘தத்தர்’ மட்டுமே.

இதில் என்னை நிறுத்திவைத்த விடயம் இன்னொன்று. ஹான்ஸ்தத்தர் திருமணம் செய்த பின்னும் ஹான்ஸ்தத்தர்தான். கணவன் ஹான்ஸின் மகன் அல்லவே. அவன் பெயரின் பின்பகுதியை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள்? மனைவி கணவனின் குடும்பப் பெயரை ஏற்கும் வழக்கம் முதலில் நகரத்து மேல்தட்டில் வந்து மெல்லப் பரவியது. 1923ஆம் ஆண்டுப் பெயர்ச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. 1964இல்தான் கேட்டுக்கொண்டால் தன் பெயரை வைத்திருக்கலாம் என்று சட்டம் இளகியது. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, திருமணத்தால் யாருடைய பெயரும் தானாக மாறுவதில்லை. ‘காலங்காலமாக இப்படித்தான்’ என்று மாமியின் தலைமுறை நம்பிய வழக்கத்துக்குக் கிராமத்தில் நூறு வயதுகூட ஆகவில்லை. மரபு என்று எவராவது சொன்னால் எந்த ஆண்டிலிருந்து என்று கேட்பது நல்லது.

தந்தை பெயரோடு நடப்பது எனக்குப் புதிதல்ல. நோர்வேக்கு வந்த நாளில் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். அப்பாவின் பெயரை எழுதினேன். அன்றிலிருந்து தபால்காரருக்கும் வங்கிக்கும் நான் அப்பாவின் பெயர்தான். நானும் ஒரு ‘தத்தர்’. ஆனால் மகள் என்று சொல்லும் அந்தப் பின்பகுதி என் பெயரில் இல்லை.

‘அசல் அல்லாத’ பிள்ளை

குடும்பப் பெயரை விட்டுவிட்டு, முதற்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த பங்கு ஆகிய மூன்றையும் வைத்துத் தேடினேன். ஒரே பெயரை ஒரு குரு ஒரு மாதிரியும் அடுத்தவர் வேறு மாதிரியும் எழுதுவார். சந்தேகமான எழுத்துகளுக்குப் பதில் நட்சத்திரக் குறி இட்டால் எல்லா வடிவங்களும் வரும். பிறகு மூலப் பக்கத்தைத் திறந்து, கோதிக் கையெழுத்தை எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டும். தட்டச்சு செய்தவரின் கண்ணை மட்டும் நம்பக் கூடாது.

1859இல் அவள் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறாள். 15 வயதில் உறுதிபூசுதல். அதற்கு முன் குரு வேத அறிவைச் சோதித்துத் தரம் எழுதுவார். அவளுக்கு ‘மிக நன்று’. அவளைப் பற்றி யாரோ ஒருவர் எழுதிய நல்ல சொல் அதுவரை எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

1881இல் மகனின் பதிவு. ‘ஊஎக்தெ’ என்று குறித்திருக்கிறது. அசல் அல்லாதது என்று பொருள். போலி முத்துக்கும் நோர்வேஜிய மொழியில் அதே சொல்தான். தாய், பண்ணைப் பணிப்பெண். தகப்பன் என்று அவள் சொன்னவன், ஒரு பண்ணைக்காரரின் மகன், மணமாகாதவன். பிள்ளைக்கு அவனுடைய முதற்பெயரை வைத்தே ‘சென்’ சேர்த்தார்கள். பெயர் கொடுத்தாயிற்று, பண்ணையில் பங்கு கிடையாது. மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தகப்பனின் குடும்பப் பெயருக்கும் சொத்துக்கும் உரிமை தந்த சட்டங்கள் 1915இல்தான் நிறைவேறின. யோஹான் காஸ்ட்பெர்கின் பெயரால் அறியப்படும் அச்சட்டங்களுக்காக ஆண்டுக்கணக்கில் மேடை மேடையாகப் பேசியவர் அவருடைய மைத்துனி கத்தி ஆங்கர் மொல்லர். அப்போது எங்கள் ‘அசல் அல்லாத’ பிள்ளைக்கு 34 வயது.

அவளுக்கு முந்திய நூற்றாண்டில் பிறந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். மணமாகாமல் கருவுற்றவர்கள் சபையின் முன் நின்று பாவத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்; அந்த வழக்கம் 1767இல்தான் ஒழிந்தது. ஒரு கசப்பான உண்மையை இங்கே சொல்ல வேண்டும். ஒழுங்காக மணம் முடித்து வாழ்ந்த பெண்ணைவிட, குற்றம் சாட்டப்பட்டவளைப் பற்றித்தான் ஆவணங்கள் அதிகம் சொல்கின்றன. அபராதக் கணக்கு, சபைத் தண்டனை, ஏழை நிவாரணக் குறிப்பு: அதிகாரம் அவள்மேல் கை வைத்த இடங்களில்தான் அவளுடைய தடம் இருக்கிறது.

அதற்குப் பின் தடம் நின்றது. 1867 முதல் கிறிஸ்டியானியாவிலும் துரொண்ட்ஹைமிலும், பின்னர் பேர்கனிலும், வெளிநாடு போவோரைக் காவல்துறை பெயர், வயது, ஊர், போகுமிடம் என்று பதிந்து வைத்தது. மூன்றையும் பல இரவுகள் தேடினேன். அவள் இல்லை. ஆனால் பட்டியலில் இல்லை என்பதாலேயே அவள் போகவில்லை என்று சொல்லிவிட முடியாது. வேறு துறைமுகம் இருக்கலாம், எழுத்துப் பிழை இருக்கலாம்.

ஞானத்தாயின் வீடு

வழி காட்டியது 1881ஆம் ஆண்டுப் பக்கம்தான். பிள்ளையின் ஞானப்பெற்றோராக நின்றவர்களின் பெயர்கள் கடைசிக் கட்டத்தில் நெருக்கி எழுதப்பட்டிருந்தன. முதல் முறை அதைத் தாண்டிப் போயிருந்தேன். மூன்று பெண்கள், இரண்டு ஆண்கள். ஊர் பேசிய பிள்ளைக்காக ஆலயத்தில் எழுந்து நின்ற பெண்கள் அவர்கள். ஒருத்தி அவளுடைய தங்கை. மற்றொருத்தி உடன் வேலை செய்த பணிப்பெண். அவள் பின்னர் பக்கத்துப் பங்கில் ஒரு பண்ணைக்காரரை மணந்திருந்தாள்.

1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த மணமான தோழியின் பண்ணையைத் திறந்தேன். கணவன், ‘பண்ணைக்காரனின் மனைவி’, ஐந்து பிள்ளைகள். கீழே வேலையாட்கள். அங்கே எங்கள் பூட்டியின் முதற்பெயர், தந்தை பெயர், பிறந்த பங்கு. மணமாகாதவள். தொழில்: பூடெய்யெ, அதாவது மாடு பார்த்துப் பால் வேலை செய்பவள். 1910ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு பிறந்த தேதியைக் கேட்டது. ஞானஸ்நானப் பதிவோடு ஒப்பிட்டேன். நாள், மாதம், ஆண்டு மூன்றும் ஒன்று.

அவள் கடல் கடக்கவில்லை. மலையின் மறுபக்கம் இருந்தாள்.

பூடெய்யெ என்பது எளிய வேலையல்ல. கோடையில் மாடுகளையும் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு மலைமேல் உள்ள ‘சேத்தர்’ குடிசைக்குப் போய், வாரக்கணக்கில் அங்கேயே தங்கிப் பால் கறந்து, வெண்ணெய் கடைந்து, பாற்கட்டி காய்ச்ச வேண்டும். 1863இல் இதே குட்பிரான்ஸ்தாலில் ஆன்னெ ஹூவ் என்ற பெண், பாற்கட்டி எடுத்தபின் மிஞ்சும் தெளிநீரோடு பாலாடையைச் சேர்த்துக் காய்ச்சினார். நோர்வே முழுவதும் இன்று ரொட்டியில் வைத்துத் தின்னும் பழுப்புப் பாற்கட்டி அப்படி வந்தது. பள்ளத்தாக்கின் பொருளாதாரத்தையே தாங்கிய அந்தக் கண்டுபிடிப்புக்காக 1933இல், 87 வயதில், அவருக்கு அரசரின் பதக்கம் கிடைத்தது. எங்கள் பூட்டிக்குப் பதக்கம் இல்லை. ஆனால் அவளுடைய வரியில் தொழில் எழுதும் இடம் வெற்றிடமாக இல்லை. அதே பக்கத்தில் பண்ணைக்காரரின் மனைவிக்குத் தொழில் கணவனுடையது; எங்கள் பூட்டிக்கு அவளுடையதே.

1920ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் அவள் அதே பண்ணையில் இருக்கிறாள். 1921இல் அடக்கப் பதிவு. கல்லறை இல்லை, நோர்வேயில் 20 ஆண்டுகளுக்குப் பிறகு, யாரும் கட்டணம் கட்டாத குழியை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அமெரிக்காக் கதை யாரையோ காப்பாற்றச் சொல்லப்பட்டது. அவளையா, பிள்ளையையா, பெற்றோரின் மானத்தையா? பதிவேடு அதைச் சொல்லாது. நூறு ஆண்டு கழித்து அதை உடைக்க நான் யார்? ஆனால் கேட்டவர் மாமி. அவர் கேட்டது ஆறுதலை அல்ல.

கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். மாமி வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அந்தப் பண்ணை எங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?”

“மலைப் பாதையில் நடந்தால் ஒரு நாள்.”

“ஒரு நாள்” என்றார் மாமி. “தாத்தா ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அந்த மலைக்கு வேட்டைக்குப் போவார்.”

குடும்ப மரம் எழுதிய பழைய தாளை எடுத்து வரச் சொன்னார். ‘அமெரிக்கா’ என்ற சொல்லை அடித்துவிட்டு, நடுங்கும் கையால் அவளுடைய முழுப் பெயரையும், தேதிகளையும், ‘பூடெய்யெ’ என்பதையும் எழுதினார். ‘மணமாகாதவள்’ என்று எழுதவில்லை. அதற்குக் கீழே, பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்று பிறகு வீட்டில் இடம் கொடுத்தவளின் பெயரையும் எழுதச் சொன்னேன். குடும்ப மரத்தில் தோழிக்கு இடம் கிடையாது என்றார். பிறகு ஓரத்தில் எழுதினார்.

“உன் பூட்டியின் பெயர் என்ன?” என்று அப்போதுதான் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இணையத்தில் தேடி எடுக்க எங்களுக்கென்று ஒரு ‘டிஜிட்டல்ஆர்கிவெட்’ இல்லை. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எங்கள் வீட்டுப் பெட்டியும் தொலைந்தது. அன்றிரவு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா, அவருக்கும் அம்மா என்று கேட்கக் கேட்க, மூன்றாவது பெயரில் அம்மா தயங்கினார். “பொறு, பெரியம்மாவிட்டக் கேட்டுச் சொல்லுறன்” என்றார். பெரியம்மாவுக்கு 91 வயது. நான் தாளும் பேனையுமாகக் காத்திருக்கிறேன்.