கோட்டைச் சுவரும் நுழைவுக் கட்டணமும்

மாசி வீதிக்குக் காரில் போய், நிறுத்த இடமில்லாமல் திரும்பியிருக்கிறீர்களா? அதைச் சுற்றியுள்ள வெளி வீதிகளில்தான் ஒரு காலத்தில் மதுரைக் கோட்டைச் சுவர் நின்றது. 1840-களில், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், அதை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். பெரியார் பஸ் நிலையம் அருகே அதன் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். ஊர் விரிந்தது, நெரிசலும் வளர்ந்தது.

சுவரில்லாமலே எல்லை போடலாம் என்று 1975 ஜூனில் சிங்கப்பூர் காட்டியது. காலையில் நகர மையத்துக்குள் நுழையும் காருக்கு நாளொன்றுக்கு 3 சிங்கப்பூர் டாலர். நான்கு பேர் சேர்ந்து வந்தால் இலவசம். பஸ்ஸுக்கும் பைக்குக்கும் கட்டணமில்லை. கார்கள் குறைந்தன. ஆனால் 9.30-க்குக் கட்டண நேரம் முடிந்ததும் கார்கள் மொத்தமாக நுழைந்தன. நேரத்தை 10.15 வரை நீட்ட வேண்டியதாயிற்று.

லண்டன் 2003-ல் 5 பவுண்டு வசூலித்தபோது, எல்லைக்குள் குடியிருந்தவர்களுக்கு 90 சதவீதம் தள்ளுபடி தந்தது. கப்பலூரில் வாங்குவது நெடுஞ்சாலைச் சுங்கம்தான். ஆனாலும் திருமங்கலத்தார் பல ஆண்டுகளாகக் கேட்பது உள்ளூர்க்காரருக்கான இதே சலுகையைத்தான்.

நாளை மதுரைக்கும் இப்படியொரு யோசனை வந்தால், தொகையை மட்டும் பார்க்காதீர்கள். எல்லைக்கோடு நம் வீட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறது, காரை விட்டுவிட்டு ஏற பஸ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.